மனநோய் அனுபவம் உள்ளவர்களோடு நாடகம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் 10 உலக மனநல நாள். செப்டம்பர் பாதியில் யாராவது போன் செய்வார்கள். "மூணு வாரம் இருக்கு. இருபது நிமிஷ நாடகம் போதும், நம்ம ஆளுங்களே நடிச்சா நல்லா இருக்கும்." நடக்கிற தவறுகளில் பாதி அந்தப் போனிலேயே தொடங்கிவிடுகின்றன. மனநோய் அனுபவம் உள்ளவர்கள் வந்துபோகும் பகல்நேர மையங்களில் சில வருடங்களாக நாடகம் செய்துவருகிறேன். இங்கே சொல்லும் தவறுகளில் நானே செய்தவையும் உண்டு.

பெரிய தவறு, அவரவர் பட்டதை அவரவரையே நடிக்கச் சொல்வது. ஒத்திகை ஒன்றில் ஓர் அக்கா, வீட்டில் தன்னைக் கட்டிப்போட்ட இரவைப் பற்றிச் சொன்னார். கேட்ட எல்லோருக்கும் கண் கலங்கியது. நாடகம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "இதையே நடிச்சுக் காட்டுங்கக்கா" என்றேன். நடித்தார். "இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா" என்றேன். அதுவும் முடிந்தபின் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கேட்டது இதுதான்: "தம்பி, எனக்கு டீக்கடைக்காரர் வேஷம் குடு." தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடன் சொல்ல வந்தவரை அவர் விரட்டிய விரட்டில் மையமே சிரித்தது. அவர் நடிக்க வந்தது அதற்காகத்தான். நான்தான் அவரை மறுபடியும் கட்டிப்போட்டுவிட்டேன்.

சொந்த அனுபவம் மேடைக்கு வரவே கூடாது என்று சொல்லவில்லை. வரும்போது ஓர் அடி தள்ளி வரவேண்டும். பெயரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் நடிக்கட்டும். நம் தெருக்கூத்தில் இதற்கு ஆள் இருக்கிறார். கட்டியங்காரன் எந்த ராஜாவையும் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், சபையைப் பார்த்துப் பேசலாம். எங்கள் ஒத்திகையில் யாருக்கு மனசு கனத்தாலும் "கட்டியங்காரா" என்று கூப்பிடுவார்கள். காட்சி அங்கேயே நிற்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நோயையே கதையாக்குவதும் தவறுதான். தலைமுடியை விரித்துப்போட்டு, கிழிந்த சட்டையில் ஓவென்று சிரிப்பதைச் சினிமா போதும் போதும் என்கிற அளவுக்குக் காட்டிவிட்டது. சென்னையில் இன்றைக்கும் ஒருவரைத் திட்ட "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்கிறார்கள். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் இருப்பிடம் வசைச்சொல்லாகிவிட்ட ஊர் இது. அதனால் எங்கள் குழுவில் நோயை விட்டுவிட்டு, நோய் தெரிந்தபின் மற்றவர்கள் நடத்தும் விதத்தை எடுத்துக்கொள்கிறோம்: மாத்திரை அட்டையைப் பார்த்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஓனர், பெண் பார்க்க வந்தவர்கள் முன் வாய்திறக்காதே என்று சொல்லும் அண்ணன். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்தெடுத்த ஃபோரம் தியேட்டர் இதற்கு நன்றாக ஒத்துவரும். பார்ப்பவர் காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, சிக்கிக்கொண்டிருக்கும் பாத்திரத்தின் இடத்தில் நின்று, தான் என்ன செய்வார் என்று நடித்துக் காட்டலாம்.

அடுத்தது, நடிப்பவர்களைக் காட்சிப்பொருளாக்குவது. இது பழைய வியாதி. 1800-களின் தொடக்கத்தில் பாரிஸ் அருகே ஷாரென்டன் மனநலக் காப்பகத்தில் அங்கிருந்தவர்களையும் சேர்த்து நாடகம் போட்டார்கள். நாடகத்தைவிட "பைத்தியங்களைப்" பார்க்கிற ஆசையில் நகரத்து ஆட்களும் வந்தார்கள். 1813-இல் அரசே அதை நிறுத்தியது. இன்று அந்த ஆசைக்குக் கேமரா இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 24-ஆவது பிரிவுப்படி, மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது. மையத்தின் சம்மதமோ குடும்பத்தின் கையெழுத்தோ மட்டும் போதாது, அவரையே கேட்கவேண்டும். ஒத்திகையின்போது ஒருமுறை, நாடகம் முடிந்தபின் ஒருமுறை கேளுங்கள். பதில் மாறலாம்.

அப்புறம் மாத்திரை. நாடகக்காரர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. இரவு மாத்திரையின் தூக்கம் பலருக்குக் காலை பத்து மணிவரை தெளியாது. ஒத்திகையை ஒன்பதுக்கு வைத்துவிட்டு ஈடுபாடு இல்லை என்று குறைப்படுவது அநியாயம். மூன்று மணிக்கு வைத்துப் பாருங்கள். சில மாத்திரைகளால் வாய் வறளும், வசனத்தில் நாக்கு ஒட்டும், தண்ணீர் பாட்டில் மேடையிலேயே இருக்கட்டும். நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரும் மாத்திரையால் கிட்டப்பார்வை மங்கலாம். அதனால் வசனத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். கால் ஓரிடத்தில் நிற்க முடியாதவருக்கு நடந்துகொண்டே பேசும் பாத்திரம் கொடுங்கள். கை நடுங்குபவரிடம் நிறைந்த டம்ளரைக் கொடுத்தால், பார்ப்பவர்கள் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்வார்கள். காலிச் சொம்பு கொடுத்தால் போதும். லித்தியம் மாத்திரை எடுப்பவர் வெயிலில் வியர்க்க வியர்க்க ஆடி, உடலில் நீர் குறைந்தால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். அது ஆபத்து. தெருவில் போடும் நாடகத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள்.

அன்றைக்கு ஒருவரால் வரமுடியாமல் போகலாம். அதைத் துரோகம்போல் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் இரண்டு பேர் தெரிந்துவைத்திருந்தால் யார்மேலும் பாரம் விழாது. சம்பளமும் அப்படி நேராகப் பேசவேண்டிய விஷயம்தான். இயக்குநருக்குப் பணம், நடித்தவர்களுக்குப் பொன்னாடையும் பிஸ்கட்டும் என்பது சரியில்லை.

எழுதி முடித்த கதையோடு உள்ளே போவதும் தவறு. இத்தாலியின் திரியெஸ்தே மனநல மருத்துவமனையில் 1973-இல் மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, கலைஞர்கள் ஒரு காலி வார்டில் பட்டறை போட்டார்கள். மார்கோ என்ற குதிரை அங்கே வருடக்கணக்காக அழுக்குத்துணி வண்டி இழுத்தது. அதை வெட்டக் கொடுக்காமல் காப்பாற்ற குதிரையின் பெயரிலேயே ஏற்கெனவே ஒரு மனு போயிருந்தது. அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்த அந்தக் குதிரையையே மரத்திலும் காகிதக்கூழிலும் நீல நிறத்தில், ஆளைவிடப் பெரிதாகச் செய்தார்கள். வெளியே கொண்டுபோகப் பார்த்தால் வாசலில் நுழையவில்லை. வாசலை இடித்துத்தான் கொண்டுபோனார்கள். நோயாளிகள் நூற்றுக்கணக்கில் அதன் பின்னால் ஊருக்குள் நடந்தார்கள். ஆனால் அன்று மாலை அவர்கள் திரும்பி வரவேண்டியிருந்தது அதே மருத்துவமனைக்குத்தான். இத்தாலி மனநல மருத்துவமனைகளை மூடச் சட்டம் போட்டது 1978-இல்.

அந்த மாலைநேரத்தை நாம் மறந்துவிடுகிறோம். கைதட்டல் முடியும், வேன் கிளம்பும், மறுநாள் யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்த வாரத்தில்தான் சிலர் ரொம்பச் சோர்ந்துபோவார்கள். அதனால் இப்போது மேடை நாளுக்கு முன்பே அடுத்த கூடலைக் குறித்து எல்லோர் கையிலும் சீட்டாகக் கொடுத்துவிடுகிறோம்: வரும் செவ்வாய், மூன்று மணி, அதே கூடம். சம்பளக் கவரை மேடையன்றே கொடுத்துவிடுவதால் காசுக்காக வரவேண்டியதில்லை. ஆனாலும் வருகிறார்கள். போன தடவை நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா பாய் விரித்து வைத்திருந்தார்.