ட்ராக் செலவைக் குறைத்தது இப்படித்தான்

என் ஹொண்டா சிவிக் டைப் ஆர் காரைக் கட்டுக்குருந்தை பந்தய ட்ராக்கில் ஓடவிட்டால் பெட்ரோலை விட டயரும் பிரேக்கும்தான் காசைத் தின்னும். அதனால் ரோட்டு டயர் ட்ராக்கில் தேயாமல் இருக்க, ட்ராக்குக்கென்று தனி ரிம் செட் எடுத்தேன். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த ரிம் தேடலாம். வெடிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கோ.

முக்கியமானது பிரேக் எண்ணெய். அது ஈரத்தை உறிஞ்சும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டொட் 4 என்ற தர பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும், எண்ணெய் கொதித்தால் பெடல் தொய்ந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மாற்றிவிடுவேன். மோதிய காரைத் திருத்துவதோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுவேன். நிறுத்தியதும், பிரேக் இன்னும் சூடாக இருப்பதால் ஹேண்ட்பிரேக் இழுப்பதில்லை, கியரில் விடுவேன். இப்போது பேட், டிஸ்க் இரண்டும் முன்னையை விட நன்றாக உழைக்கின்றன.