டிபி கிருமிய வில்லனா வெச்சு கதை சொல்லி பாடம் நடத்துறது எப்படி

ரங்கூன்ல வெயில்கால லீவுக்கு கோயில் தமிழ் வகுப்புக்கு வர்ற பசங்ககிட்ட பாக்டீரியான்னு ஆரம்பிச்சா கொட்டாவிதான் வரும், அதே பசங்க தமிழ்ப்படத்து சண்டைய சீன் சீனா ஒப்பிப்பாங்க, அதனால அங்கேருந்தே ஆரம்பிங்க. ஒரே ஒரு கிருமி போதும். நான் டிபி, அதாவது காசநோய்க் கிருமியத்தான் எடுப்பேன்.

வில்லனோட குணத்த சரியா புடிக்கணும், கதை நகர்றதே அதுலதான். குடல்ல இருக்கிற ஈ.கோலைங்கிற பாக்டீரியா வசதியான எடத்துல 20 நிமிஷத்துல ரெண்டாயிடும், டிபி கிருமிக்கு கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், அவசரமே படாத வில்லன். நுரையீரல்ல மேக்ரோஃபேஜ்ங்கிற காவல் செல் வந்து அத முழுங்கும், முழுங்கினா செரிச்சிடணும் இல்லையா, ஆனா இது செரிக்கிற அமிலம் தன்கிட்ட வராம தடுத்துட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே குடித்தனம் பண்ணும்! இங்க நிறுத்தி, இப்ப மத்த போலீஸ் என்ன செய்வாங்கன்னு கேளுங்க. சுத்தி வளைச்சு சுவர் மாதிரி நிப்பாங்கன்னு யாராவது சொன்னா அதுதான் கிரானுலோமா, அங்க இடைவேளை விடுங்க. வருஷக்கணக்கா உள்ளயே கிடக்கும், எதிர்ப்புசக்தி குறைஞ்சா சுவர் ஒடையும். கிருமி புகுந்தவங்கள்ல நூத்துக்கு 5லேருந்து 10 பேருக்குத்தான் வாழ்நாள்ல நோயா மாறும்னும் சொல்லிடுங்க, இல்லன்னா பசங்க பயந்துடும். ஃபிளாஷ்பேக் வேணும்னா 1882 மார்ச் 24, பெர்லின்ல ராபர்ட் கோக்ங்கிற ஜெர்மன் டாக்டர் இந்தக் கிருமிய கண்டுபிடிச்சேன்னு அறிவிச்ச நாள்.

ரெண்டாம் பாதில மருந்து. ஒரு தட்டுல பச்சைப்பயறு கொட்டி நாலஞ்சு கருப்பு உளுந்து கலந்து வைங்க, ஒரு பையன 'மருந்து'ன்னு சொல்லி பச்சைய மட்டும் பொறுக்க விடுங்க, மிஞ்சுறது உளுந்து, அதான் மருந்துக்கு சாகாத கிருமி, அது பெருகினா தட்டு பூரா உளுந்துதான். உடம்பு மருந்துக்கு பழகிடுச்சுன்னு பெரியவங்களே சொல்றாங்க, பழகினது உடம்பு இல்ல, முன்னாடியே மாறியிருந்த கிருமிங்க மட்டும் தப்பிச்சு பெருகுது. அதான் வழக்கமா ரெண்டு மாசம் நாலு மருந்து சேர்த்து, அப்புறம் நாலு மாசம் ரெண்டு மருந்து, நாலு மருந்துகிட்டேயும் ஒரே கிருமி தப்பிக்கிறது ரொம்ப அரிது. இருமல் நின்னுடுச்சுன்னு பாதில விட்டா பார்ட் டூ எடுக்க வில்லன் மிஞ்சியிருப்பான்.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கிறேன், நோயாளிய வில்லனாக்காதீங்க. ஒருதடவ ஒரு பையன் இருமுற பாட்டிய ஊரவிட்டு தொரத்துற மாதிரி கதை எழுதினான், பக்கத்துல இருந்த பொண்ணு தலைய குனிஞ்சுகிட்டா, அவ தாத்தா அப்ப மாத்திரை சாப்பிட்டுகிட்டிருந்தாருன்னு எனக்கு பிறகுதான் தெரிஞ்சுது, இன்னிக்கும் மனசு கேக்கல. இப்பல்லாம் ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிடுறவருதான் ஹீரோன்னு முதல்லயே சொல்லிடுவேன். கிருமிக்கு மனசு, பழிவாங்கற எண்ணம்லாம் கிடையாது, கதைக்காக சொன்னோம்னும் கடைசில சொல்லுங்க.

அடுத்த வகுப்புக்கு இட்லி மாவு கொண்டுபோங்க. மாவ பொங்க வைக்கிற லியூகோநாஸ்டாக்ங்கிற பாக்டீரியாதான் அன்னிக்கு ஹீரோ, கிருமின்னாலே கெட்டதுன்னு நினைக்கிற பசங்க மூடியத் தொறந்து மோந்து பாக்கட்டும்.