சேலம் வெயிலில் கெட்டது ஏற்காட்டுக் காலையில் தெரியும்: பழைய காரின் பேட்டரியைச் சோதிக்கும் முறை

டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே சத்தம். டேஷ்போர்டு விளக்கு மங்கிப்போகும். பழி குளிரின்மேல் விழும். உண்மையில் கேடு ஏப்ரல், மே மாதத்திலேயே தொடங்கியிருக்கும். சேலத்தில் வெயில் 38, 40 டிகிரி என்றால் பானட்டுக்குள் அதைவிடச் சூடு. சூடு ஏற ஏற பேட்டரியின் உள்தகடுகள் வேகமாக அரிபடும், தண்ணீரும் வற்றும். ஆனால் கீழே சேலத்தில் ஆயில் இளகியே இருப்பதால், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குப் பாரம் குறைவு. பாதி கெட்ட பேட்டரியும் சமாளித்துவிடும். மேலே 15 டிகிரியில் ஆயில் கெட்டிப்படும், பேட்டரியின் வலுவும் குறையும். அன்றைக்குத்தான் குட்டு உடையும். டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக்கும் சேர்ந்து கரண்டை இழுப்பதால் இன்னும் மோசம்.

ஆகவே மலை ஏறுவதற்கு முந்தின வாரம், வீட்டிலேயே, விடிகாலையில், இன்ஜினைத் தொடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று, 10 எம்எம் ஸ்பேனர், கம்பி பிரஷ், கண்ணாடி, கையுறை போதும். ஆசிட் தெறித்தால் கண் போய்விடும். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு தீப்பற்றும்.

முதலில் டெர்மினல்

பேட்டரி போச்சு என்று கடைக்கு வரும் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர்களில் பல, டெர்மினலை, அதாவது கேபிள் மாட்டும் ஈயத் தூணை, சுரண்டினாலே ஓடக்கூடியவை. கேபிள் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் அது லூஸ்தான். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு பெரிய ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் பொங்கி அடங்கும். செல் என்கிற பேட்டரி அறைகளின் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும், மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. ஈயத் தூணும் கிளாம்ப்பின் உள்பக்கமும் புது ஈயம் மாதிரி பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, அதன்பிறகுதான் மேலே வாஸலின் தடவ வேண்டும். தடவிவிட்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தலைகீழ்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் தகடுகளுக்குமேல் சுமார் 10 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மேட்டூர் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும், பேட்டரிக்கு ஆகாது. அதிலுள்ள உப்பு தகட்டில் படியும். ஆசிட்டும் ஊற்றாதீர்கள், வற்றுவது தண்ணீர்தான். ஆறு செல்லிலும் ஒரே மாதிரி சீக்கிரம் வற்றினால் சார்ஜ் அதிகமாகிறது. ஒரே ஒரு செல் மட்டும் அடிக்கடி வற்றினால் அந்தச் செல்லின் கதை முடியப்போகிறது.

நின்ற நிலையில் வோல்டேஜ்

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அளக்கவும். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 11.8க்குக் கீழே என்றால் காலி. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் 13க்குப் பக்கத்தில் காட்டி ஏமாற்றும். அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம். சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதா? ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட்; ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. மாற்ற வேண்டியதுதான்.

குறைவாக இருந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாமல் மெதுவாகச் சார்ஜ் போடுங்கள். 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், 10 முதல் 12 மணி நேரம். வயர்களைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டு மறுநாள் அளக்கவும். 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியில் சார்ஜ் தங்கவில்லை.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முழு சார்ஜில் நம் ஊர் பேட்டரிகள் 1.240 முதல் 1.260 காட்டும். ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் 0.050க்குமேல் வித்தியாசம் இருந்தால் அது கெட்ட செல். தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள். மேலே வெறும் தண்ணீர்தான் நிற்கும். மூடி திறக்காத பேட்டரியில் உள்ள பச்சைக் கண் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது, மற்ற ஐந்துக்கும் அது சாட்சி சொல்லாது.

செல்ஃப் அடிக்கும்போது

உண்மையான பரீட்சை இதுதான். 12.6 காட்டும் பேட்டரிகூட இதில் தோற்கும், ஏனென்றால் வோல்டேஜ் இருப்பது வேறு, பாரம் தாங்குவது வேறு. பெட்ரோல் வண்டி என்றால் இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன வயரைக் கழற்றி, இன்ஜின் பற்றாமல் செய்யுங்கள். மீட்டர் முனைகளைக் கிளாம்ப்பில் வைக்காமல் ஈயத் தூணிலேயே வைக்கவும். ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பார்க்க, 10 வினாடிக்குமேல் வேண்டாம்.

9.6க்குக் கீழே போகாமல் நின்றால் பேட்டரி தேறிவிட்டது. 7, 8 என்று சரிந்தால் போய்விட்டது. 11.5, 12 என்று கம்பீரமாக நின்றுகொண்டே செல்ஃப் "டக்" என்று மட்டும் சொன்னால் பேட்டரி நிரபராதி: கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

அப்போது எர்த்தை, அதாவது மைனஸிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் இணைப்பை, பாருங்கள். மீட்டரின் ஒரு முனை மைனஸ் தூணில், மற்றது இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட் வரை சரி, 0.5 தாண்டினால் எர்த் கேபிள்தான். அதேபோல பிளஸ் தூணுக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் இடையில் 0.5 வரை விடலாம். பழைய வண்டிகளில் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டை துருவேறியோ அறுந்தோ இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அதற்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு: ஆக்சிலேட்டர் கேபிள் அல்லது சோக் கேபிள் தொட்டால் சுடும். திரும்பிப்போக வழியில்லாத கரண்ட் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போகிறது. ஜம்பர் கேபிள் ஒன்றை மைனஸ் தூணிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டி அடித்துப் பாருங்கள். விறுவிறுவென்று சுற்றினால் புதுப் பட்டை போட்டால் போதும்.

இன்னொரு வித்தியாசம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் திணறி, ஓடியபின் சரியாகிவிட்டால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சூடான இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடத்தில் திணறினால் செல்ஃப் மோட்டாரின் புஷ், கார்பன் பிரஷ்.

சார்ஜ் ஏறுகிறதா

இன்ஜினைச் சுமார் 1500 ஆர்பிஎம்மில் வைத்து பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.4 வர வேண்டும். ஹெட்லைட், பிளோயர் போட்டாலும் 13.2க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பெல்ட், கார்பன் பிரஷ், வயர் இணைப்பு. 14.8 தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். புது பேட்டரியையும் அது வேகவைத்துவிடும். மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் அளந்து 0.5க்குமேல் காட்டினால், இன்ஜின் ஓடும்போது சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரின் டயோடு சந்தேகம். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ வைத்த பழைய அம்பாசடர், பத்மினியில் ஐட்லிங்கில் சிவப்பு விளக்கு மினுக்குவது இயல்பு, பயப்பட வேண்டாம். ரேஸ் கொடுத்தால் அணைய வேண்டும்.

எஸ்டேட்டிலிருந்து பஜாருக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு கிலோமீட்டர் ஓடும் ஜீப்புக்கு எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கும். எடுத்ததைத் திருப்பிப் போட நேரம் போதாது. மாதம் ஒருமுறை சார்ஜர் போடுவதே வழி.

நிற்கும்போது குடிப்பது எது

மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, கேபிளுக்கும் தூணுக்கும் நடுவே இணைக்கவும். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 0.03 ஆம்பியர் வரை பொறுக்கலாம், 0.05 எல்லை. 0.5 காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஏஹெச். 35 ஏஹெச் பேட்டரி மூன்றாம் நாள் காலி. ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை எடுக்கும்போது அளவு விழுகிறதோ அங்கே கோளாறு. பின்னால் போட்ட மியூசிக் பிளேயர், ஃபாக் லேம்ப், டிக்கி விளக்கு என்று பார்த்துக்கொண்டே வரலாம். எல்லா ஃபியூஸும் எடுத்தும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் பெரிய வயரைக் கழற்றி, பாடியில் படாமல் பிடித்துப் பாருங்கள்.

மலையில் வண்டியை மேட்டில் நிறுத்தி, காலையில் உருட்டி இரண்டாம் கியரில் விடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. கெட்ட பேட்டரியை அது மாதக்கணக்கில் மறைக்கும். இன்ஜின் பற்றாமல் வளைவுக்குள் போய்விட்டால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் இருக்காது, பெடல் கல்லாகிவிடும். கொண்டை ஊசி வளைவு ரோட்டில் இதைச் செய்யவே வேண்டாம்.

மாற்றுவது என்று முடிவானால் அதே ஏஹெச், பிளஸ் அதே பக்கம் உள்ளதாக வாங்குங்கள். பக்கம் மாறினால் கேபிள் எட்டாது. தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். பிடிப்புக் கம்பியை இறுக்க மறக்காதீர்கள், வளைவுகளில் ஆடும் பேட்டரியின் தகடு உதிரும். கடை வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு 13.8 வருகிறதா என்று அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.