வினையூக்கி வாயுவைக் கூட்டுகிறதா, வேகத்தைக் கூட்டுகிறதா? அளந்து பார்க்கும் முறை

ஹைட்ரஜன் பெராக்சைடில் மாங்கனீசு டை ஆக்சைடு பொடியை, அதாவது தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் வினையூக்கியை, போட்டதும் பொங்கி நுரைக்கும். அதைப் பார்த்துவிட்டு "வினையூக்கி போட்டால் ஆக்சிஜன் அதிகம் வரும்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிற மாணவர்கள் உண்டு. சீக்கிரம் வருகிறதே தவிர அதிகம் வருவதில்லை. அளந்தால்தான் இது புரியும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத பெராக்சைடு போதும். தொழிற்சாலைக்கான 30 சதவீதச் சரக்கைத் தொடாதீர்கள். மாங்கனீசு டை ஆக்சைடு பொடியை சென்னை பாரிமுனைப் பக்கத்து கெமிக்கல் கடையில் வாங்குங்கள். பழைய பேட்டரியை உடைத்து எடுத்தால் கரித்தூள் கலந்திருக்கும், நிறுத்த எடைக்கு அர்த்தமே இருக்காது.

100 மி.லி. கூம்புக் குடுவையில் 4 மி.லி. பெராக்சைடு, 16 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம்: அதில் இரும்பு இருந்தால் அதுவே வினையூக்கியாகிவிடும், பொடி போடாத குடுவையிலும் குமிழி கிளம்பும்.

0.1 கிராம் பொடியைச் சிறு குப்பியில் போட்டு, நூலில் கட்டிக் குடுவைக்குள் தொங்கவிடுங்கள். நூலைக் கவ்வும்படி ரப்பர் கார்க்கை இறுக்கி, விளிம்பில் வாசலின் தடவுங்கள். கார்க்கிலிருந்து வரும் குழாயின் நுனி, தண்ணீர் நிரப்பித் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த 100 மி.லி. மெஷரிங் சிலிண்டருக்குள் இருக்கட்டும். அடைப்பில்லை என்று ஊதிப் பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் கார்க் பறக்கும். கண்ணாடி அணிவது கட்டாயம்.

இப்போது குடுவையைச் சாய்த்து, திரவத்தைக் குப்பிக்குள் புகவிடுங்கள். 15 விநாடிக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள். பொடியைக் கொட்டிவிட்டுக் கார்க்கைத் தேடினால், வேகத்தைக் காட்டும் முதல் விநாடிகளே கைநழுவிவிடும். இதையே 0.05, 0.2 கிராமிலும், பொடி இல்லாமலும் செய்யுங்கள்.

நேரத்துக்கு எதிரே வாயுவின் அளவை வரைந்தால், வரைபடத்தில் தொடக்கச் சரிவு பொடியோடு கூடும். ஆனால் பொடி போட்ட மூன்று கோடுகளும் ஒரே உயரத்தில் படுக்கும். 30 டிகிரியில் அந்த உயரம் ஏறத்தாழ 90 மி.லி. வாயுவாக இருக்கும். பொடி வினை நடக்கக் கூடுதலாக ஒரு பாதையைத்தான் தருகிறது, பெராக்சைடைத் தருவதில்லை. மூன்றுமே தாழ்ந்தால் பாட்டில் பழசு. ஒன்று மட்டும் தாழ்ந்தால் கார்க்கில் கசிவு.

இது வெப்பம் உமிழும் வினை. இந்த அளவுக்கே கரைசல் 8 டிகிரி வரை சூடேறலாம். சூடும் வேகத்தைக் கூட்டும் என்பதால் எது யாருடைய வேலை என்று தெரியாமல் போகும். குடுவையைத் தண்ணீர் நிறைந்த டப்பில் வைத்துச் சீராகச் சுழற்றுங்கள். காலையில் ஒன்று, மே மாத மத்தியானத்தில் ஒன்று என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

பொடி தீரவில்லை என்று காட்ட, முன்பே எடைபோட்ட வடிதாளில் வடிகட்டி, உலர்த்தி, தாளோடு நிறுங்கள். திரும்பப் பயன்படுத்துவதானால் கட்டியை இடித்து நுணுக்கிக்கொள்ளுங்கள்; கட்டியாகவே போட்டால் பரப்பு குறைந்து, அதே 0.1 கிராமும் மந்தமாகத்தான் வேலை செய்யும்.