மனச்சிதைவு நோயில் ஆவேசம்: காரணத்தை அறிந்து கையாளும் முறை

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்னும் மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பிறரால் துன்புறுத்தப்படும் வாய்ப்பே அவர்களுக்கு அதிகம். ஆயினும் வீட்டில் ஒருவர் ஆவேசப்பட்டால், அதன் பின்னணியைக் குடும்பத்தார் தேட வேண்டும்.

மாத்திரை நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள். மது, கஞ்சா பழக்கம் சேரும்போது வன்முறைக்கான வாய்ப்பு மிகவும் கூடுவதால், அதையும் விசாரியுங்கள். உணவில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற சந்தேகமோ, தாக்கச் சொல்வதாக அவருக்கு மட்டுமே கேட்கும் குரலோ இருந்தால், தம்மைக் காத்துக்கொள்வதாக எண்ணியே அவர் கை ஓங்கக்கூடும். ஆகவே "அதெல்லாம் பொய்" என்று வாதிடாமல், "பயமா இருக்காப்பா? நாங்க இருக்கோம்" என்று தணிந்த குரலில் சொல்லி, சற்றுத் தள்ளி, வாசலை மறிக்காமல் நில்லுங்கள். கூட்டமாகச் சூழ்ந்துகொள்வது அச்சத்தையே பெருக்கும்.

பலர் கவனிக்கத் தவறும் காரணம் ஒன்று உண்டு. சில மருந்துகளின் பக்கவிளைவாக ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஏற்பட்டு, அது எரிச்சலாக வெடிக்கலாம். வேதனையான இந்நிலையைப் பிடிவாதம் என்று கண்டிப்பது கொடுமை. மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றினால் இது தணியும், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிற மருந்துகள் பலனளிக்காதபோது, தொடர் ரத்தப் பரிசோதனையுடன் தரப்படும் குளோசபின் என்ற மருந்து ஆவேசத்தைக் குறைக்க உதவுகிறது.

அரிவாள்மனை, கத்தி போன்றவற்றை முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள். அடிதடி தொடங்கினால், குழந்தைகளோடு வெளியேறி 108-ஐ அழையுங்கள். மற்ற வேளைகளில் ஆலோசனைக்கு, இந்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.