சொந்த டொமைன் மெயில் திரும்பி வருகிறதா? சரிசெய்யும் வழி, படிப்படியாக

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். சிஎம்சி மருத்துவமனைக்குக் கொல்கத்தாவிலிருந்து வரும் குடும்பத்துக்கு அறை உறுதி மெயில் அனுப்புகிறார்கள். அனுப்பும் பக்கம் 'சென்ட்' என்று காட்டுகிறது. மெயில் போய்ச் சேரவில்லை. அந்தக் குடும்பம் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கிப் போன் செய்யும்போதுதான் விஷயம் தெரிகிறது. ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுக்கும் இதே கதைதான்: பழைய ஜிமெயில் முகவரியிலிருந்து போன இன்வாய்ஸ் எல்லாம் சேர்ந்தது, கம்பெனி பெயரில் டொமைன் வாங்கியதும் திரும்பி வருகிறது.

பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஜிமெயில் முகவரியில் அனுப்பும்போது 'இது எங்கள் மெயில்தான்' என்று கூகுளே சான்று சொல்லிவிடும். சொந்த டொமைனில் அந்தச் சான்றை நீங்கள்தான் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களை எல்லா சர்வர்களும் பார்க்கும் பொதுப் பதிவேடு அது) எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டாலும் தப்பு, பிழையாக எழுதினாலும் தப்பு.

ஒரு சிறு குறிப்பு: டிஎன்எஸ்ஸில் போட வேண்டிய வரிகளை இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். பெட்டியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியாகச் சொல்கிறோம். 'உதாரணம்.இன்' என்று வரும் இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: திரும்பி வந்த மெயிலைப் படியுங்கள்

'மெயிலர் டெமன்' என்ற பெயரில் ஒரு மெயில் வந்திருக்கும். முக்கால்வாசிப் பேர் அதைத் திறக்காமலே அழித்துவிடுகிறார்கள். மருந்துச் சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போவது போல அது. காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. உங்கள் மெயில் சர்வரே சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும், நீங்கள் சும்மா இருக்கலாம். 5இல் தொடங்கினால் முடிந்த கதை. நீங்கள் எதையாவது மாற்றாமல் அது போகாது.

அடுத்து, புள்ளி வைத்த எண்.

5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. எழுத்துப்பிழைதான், டிஎன்எஸ் பக்கம் போகவே வேண்டாம். 4.2.2 அல்லது 5.2.2 என்றால் வாங்குபவரின் பெட்டி நிரம்பிவிட்டது. 5.3.4 என்றால் மெயில் கனம் அதிகம். ஜிமெயிலிலிருந்து அனுப்பும் அளவு 25 எம்பி. ஆனால் இணைப்புக் கோப்பு மெயிலில் ஏறும்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அளவுக்குள் இருப்பதுபோல் தெரியும் கோப்பும் சில சர்வர்களைத் தாண்டாமல் போவது அதனால்தான். தோல் சாம்பிள் படங்களைப் போனில் எடுத்த அளவிலேயே பத்துப் பதினைந்து சேர்த்து அனுப்பினால் இதில்தான் மாட்டும். டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

5.7.26 என்றால் அனுப்பியவர் யார் என்று ஜிமெயிலால் உறுதிசெய்ய முடியவில்லை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதற்குத்தான். 5.7.25 என்றால் அனுப்பிய சர்வரின் ஐபிக்கு (இணையத்தில் அதன் முகவரி எண்) பெயர் இல்லை. 5.7.1 பொதுவான மறுப்பு. எண்ணை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தைப் படியுங்கள். ஸ்பேம் அனுப்பும் சர்வர்களைப் பட்டியலிடும் 'ஸ்பேம்ஹாஸ்' போன்ற அமைப்பின் பெயர் அதில் இருந்தால் கறுப்புப் பட்டியல் சிக்கல்.

5.7.26 வந்திருந்தால் அதே செய்தியில் 'ஐபி' என்று போட்டு ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துவையுங்கள். உங்கள் மெயிலை உண்மையில் எந்த சர்வர் கொண்டுபோனது என்பதற்கு அதுதான் சாட்சி.

படி 2: உங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள்?

ஒரு தாளில் எழுதுங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸோ ஸோஹோ மெயிலோ, அது ஒன்று. இணையதளத்தின் 'தொடர்புகொள்ள' படிவம் ஒன்று. ரசீது அனுப்பும் பில்லிங் சாஃப்ட்வேர் இருந்தால் அது ஒன்று. தீபாவளிச் சலுகை மெயிலை மொத்தமாக அனுப்பும் சேவை இருந்தால் அதுவும். இந்தப் பட்டியலில் விட்டுப்போவது எப்போதும் இணையதளம்தான்.

பிறகு, டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டொமைன் வாங்கிய இடமும் டிஎன்எஸ் இருக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டொமைன் பக்கத்தில் 'நேம்சர்வர்' என்ற இடத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, ரெக்கார்டுகளை (டிஎன்எஸ்ஸில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு) அங்கே போய்த்தான் போட வேண்டும். நேம்சர்வர் கிளவுட்ஃபிளேர் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைக் காட்ட, டொமைன் விற்றவரின் பக்கத்தில் நாள்முழுக்க ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது என்பதுதான் கொடுமை. கையோடு டொமைனின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

படி 3: எஸ்பிஎஃப்

இது ஒரு அனுமதிப் பட்டியல்: 'என் டொமைன் பெயரில் இந்த சர்வர்கள் மட்டும் அனுப்பலாம்.' டிஎன்எஸ்ஸில் புதிய ரெக்கார்டு, வகை டிஎக்ஸ்டி, பெயர் இருக்கும் கட்டத்தில் @, மதிப்பில் இந்த வரி (கூகுள் வொர்க்ஸ்பேஸ் மட்டும் பயன்படுத்தினால்):

வி=எஸ்பிஎஃப்1 இன்க்ளூட்:_எஸ்பிஎஃப்.கூகுள்.காம் ~ஆல்

மற்ற சேவைகளுக்கு 'இன்க்ளூட்' பகுதி மாறும். அந்தச் சேவையின் அட்மின் பக்கத்தில் சரியான வரி இருக்கும், அங்கிருந்து நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை ஒட்டாதீர்கள். நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறி வந்திருக்கலாம்.

இங்கே தவறும் இடங்கள் நான்கு.

ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனம் முன்பே ஒன்று போட்டிருக்க, நீங்கள் இன்னொன்று சேர்த்தால் இரண்டும் செல்லாது. இரண்டையும் ஒரே வரியாக்குங்கள்: வி=எஸ்பிஎஃப்1, பிறகு முதல் இன்க்ளூட், இடைவெளி, இரண்டாவது இன்க்ளூட், கடைசியில் ஒரே ஒரு ~ஆல்.

ஒரு வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்கள்தான் அனுமதி. ஒவ்வொரு இன்க்ளூடும் ஒன்று. அதற்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் கணக்கில் சேரும். 'ஐபி4:' என்று நேரடியாக எண் போட்டால் கணக்கில் வராது. எப்போதோ விட்டுவிட்ட சேவைகளின் இன்க்ளூடுகளை நீக்கினாலே பல டொமைன்கள் பத்துக்குள் வந்துவிடும்.

'+ஆல்' போடவே கூடாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் என் பெயரில் அனுப்பலாம் என்று பொருள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே விடுவது அது.

நான்காவது, படி 1இல் குறித்த ஐபி இந்தப் பட்டியலுக்குள் வருகிறதா என்று பார்க்காமல் விடுவது. வரவில்லை என்றால் படி 2இன் பட்டியலில் யாரையோ மறந்திருக்கிறீர்கள்.

படி 4: டிகேஐஎம்

எஸ்பிஎஃப் கொண்டுபோகிற ஆளைச் சரிபார்க்கிறது. டிகேஐஎம் மெயிலின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை. எஸ்பிஎஃப்பை விட இதுவே முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் வாங்குபவர் தன் மெயிலை வேறு முகவரிக்கு ஃபார்வர்டு வைத்திருந்தால், கடைசியில் கொண்டுபோகும் சர்வர் உங்கள் பட்டியலில் இருக்காது, எஸ்பிஎஃப் தோற்றுவிடும். மெயிலின் உள்ளடக்கம் மாறாதவரை முத்திரை உடையாது.

கூகுள் வொர்க்ஸ்பேஸில்: அட்மின் பக்கம், ஆப்ஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜிமெயில், 'ஆதென்டிகேட் இமெயில்'. புதிய ரெக்கார்டு உருவாக்கச் சொல்லி 2048 பிட் தேர்ந்தெடுங்கள். வரும் நீளமான மதிப்பை டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி ரெக்கார்டாகப் போடுங்கள். பெயர்க் கட்டத்தில் கூகுள்._டொமைன்கீ. சேமித்துச் சற்று நேரம் கழித்து, அதே அட்மின் பக்கத்துக்குத் திரும்பி 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' பட்டனை அழுத்த வேண்டும். ரெக்கார்டைப் போட்டுவிட்டு இந்தப் பட்டனை மறப்பவர்கள் ஏராளம். டிஎன்எஸ்ஸில் சாவி இருக்கும், மெயிலில் முத்திரை இருக்காது.

இரண்டு பொறிகள் உண்டு. பெயர்க் கட்டத்தில் கூகுள்._டொமைன்கீ.உதாரணம்.இன் என்று முழுதாக அடித்தால், பல டிஎன்எஸ் பக்கங்கள் டொமைனைத் தாமே இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும், ரெக்கார்டு உதாரணம்.இன்.உதாரணம்.இன் என்று போய் உட்காரும். இன்னொன்று, டிஎக்ஸ்டியில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும், 2048 பிட் சாவி அதைத் தாண்டும். நல்ல பக்கங்கள் தாமே பிரித்துக்கொள்ளும். பழைய பக்கங்கள் சொல்லாமல் வாலை வெட்டிவிடும். சேமித்தபின் கடைசிப் பத்து எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 5: டிமார்க்

எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனையில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று வாங்கும் சர்வருக்குச் சொல்வது இது. வகை டிஎக்ஸ்டி, பெயர் _டிமார்க், மதிப்பு:

வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யுஏ=மெயில்டு:ரிப்போர்ட்@உதாரணம்.இன்

'டிமார்க்1' மட்டும் பெரிய எழுத்தில். 'நன்' என்பது 'எதுவுமில்லை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்: தோற்கும் மெயிலை ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு. தொடக்கத்திலேயே 'ரிஜெக்ட்' (மறுத்துவிடு) போட்டால் மறந்துபோன பில்லிங் சாஃப்ட்வேர் ரசீதுகள் எல்லாம் அன்றைக்கே நின்றுவிடும்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லாரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் இரண்டோடு டிமார்க்கும் வைத்திருக்க வேண்டும். லாட்ஜுக்கு 5000 வராதுதான். ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், அரை மணி நேர வேலை.

இங்கே ஒரு நுணுக்கம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு மெயிலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. உள்ளே லெட்டர்ஹெட், வாங்குபவர் கண்ணில் படுவது அது. வெளியே கவர், அதிலிருக்கும் திரும்பும் முகவரி சர்வர்களுக்கு மட்டும் தெரியும். எஸ்பிஎஃப் பார்ப்பது கவரை. டிமார்க் கேட்பதோ, கவரில் இருக்கும் டொமைனோ முத்திரையில் இருக்கும் டொமைனோ லெட்டர்ஹெட்டில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று. மொத்த மெயில் சேவைகள் கவரில் தங்கள் டொமைனைப் போடுவதால், 'எஸ்பிஎஃப் பாஸ்' என்று வந்தும் டிமார்க் தோற்கும். அந்தச் சேவையின் அமைப்பில் உங்கள் டொமைனுக்கென டிகேஐஎம் போட வழி இருக்கும். அதைச் செய்தால் போதும்.

படி 6: சோதனை

ஒரு சாதாரண ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்'. மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் 'பாஸ்' வர வேண்டும். ஸ்பேமில் விழுந்திருந்தாலும் அங்கிருந்தே பார்க்கலாம். படி 2இல் எழுதிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள். ஒன்று பாஸ் ஆனால் எல்லாம் ஆனது என்று விட்டுவிடாதீர்கள்.

மாற்றம் உடனே தெரியாவிட்டால் மறுபடி மறுபடி திருத்தாதீர்கள். ரெக்கார்டின் டிடிஎல் (அதை எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) 3600 என்றால், பழைய மதிப்பு ஒரு மணி நேரம் வரை மற்ற சர்வர்களின் நினைவில் இருக்கும்.

படிவத்திலிருந்து வரும் மெயில்

வேர்ட்பிரஸ் படிவங்களில் ஒரு பழைய பழக்கம்: படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே 'ஃப்ரம்' கட்டத்தில் போடுவது. யாஹூ முகவரிக்காரர் ஒருவர் நிரப்பினால், உங்கள் இணையதள சர்வர் யாஹூ பெயரில் மெயில் அனுப்புகிறது. யாஹூ 2014 முதல் டிமார்க்கில் 'ரிஜெக்ட்' வைத்திருக்கிறது. திரும்பத்தான் செய்யும். 'ஃப்ரம்' கட்டத்தில் உங்கள் டொமைன் முகவரி, 'ரிப்ளை டு' கட்டத்தில் நிரப்பியவரின் முகவரி என்று மாற்றுங்கள். கூடவே எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) பிளக்இன் ஒன்றைப் போட்டு, உங்கள் மெயில் சேவை வழியாகவே அனுப்பச் செய்யுங்கள். போர்ட் 587 அல்லது 465. மலிவு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்வதுண்டு. பக்கத்துத் தளம் ஸ்பேம் அனுப்பிக் கறுப்புப் பட்டியலில் போனால், உங்கள் மெயிலும் சேர்ந்து மாட்டும்.

சொந்த சர்வர் வைத்திருந்தால்

ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் பிடிஆர் ரெக்கார்டை உங்கள் டிஎன்எஸ்ஸில் போட முடியாது. ஐபியைத் தந்த நிறுவனம்தான் போட முடியும். அவர்கள் பக்கத்தில் 'ரிவர்ஸ் டிஎன்எஸ்' என்று தேடுங்கள், இல்லையேல் டிக்கெட் போடுங்கள். அந்தப் பெயர் திரும்ப அதே ஐபியைக் காட்ட வேண்டும். கிளவுட்ஃபிளேரில் மெயில் சர்வரின் ஏ ரெக்கார்டில் (பெயரிலிருந்து ஐபிக்குப் போகும் வரி) ஆரஞ்சு மேகக் குறியை அணைத்துச் சாம்பல் ஆக்குங்கள். அந்த மேகத்தின் வழியாக மெயில் போகாது.

சத்துவாச்சாரி வீட்டு ஃபைபர் இணைப்பில் பழைய கம்ப்யூட்டரை மெயில் சர்வராக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டு இணைப்புகளில், மெயில் சர்வர்கள் தமக்குள் பயன்படுத்தும் போர்ட் 25ஐப் பெரும்பாலும் அடைத்துவைத்திருப்பார்கள். அது திறந்திருந்தாலும், வீட்டு ஐபிகளிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்று ஸ்பேம்ஹாஸ் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது.

மூன்றும் பாஸ், இருந்தும் ஒரே ஒருவருக்கு மட்டும் போகவில்லை

அப்போது சிக்கல் அந்தப் பக்கத்தில். வெளிநாட்டு வாடிக்கையாளரின் கம்பெனி ஃபில்டர் உங்களைத் தடுத்திருக்கலாம். திரும்பி வந்த மெயிலின் முழு வரியையும் அனுப்பிய நேரத்தையும் வேறு வழியில் அவருக்கு அனுப்பி, அவர்கள் ஐடி ஆட்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நேரத்தோடு 'இந்திய நேரம்' என்றும் குறிப்பிடுங்கள். அவர்கள் சர்வர் பதிவேட்டைத் தேடுவது தங்கள் ஊர் நேரக் கணக்கில். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள். அந்த வரியில் இருக்கும் நீண்ட அடையாள எண்ணை நகலெடுத்துத்தான் அவர்கள் தேடுவார்கள்.