முதல் நாள் வாங்கும் கையெழுத்து

போன வாரம் டிஜிட்டல் கதைப் பட்டறை நடத்தப் புதிதாக வந்த வழிநடத்துநர்களுக்குப் பயிற்சி. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லும் கதைவட்டத்துக்கு நாற்காலி போடும் முன்பே ஒருவர் ஒப்புதல் படிவத்தை நீட்டி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மைக் வைப்பது, கோப்பைச் சேமிப்பது எல்லாம் செய்யச் செய்யப் பழகிவிடும். சம்மதம் கேட்பது அப்படிப் பழகாது.

ஒரே ஒரு கையெழுத்து

டிஜிட்டல் கதை பெரும்பாலும் 2, 3 நிமிட வீடியோ. சொல்பவரின் சொந்தக் குரல், சொந்தப் படங்கள். முதல் நாள் காலையில் அந்தக் கதையே இன்னும் இல்லை. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்.

காசநோயிலிருந்து மீண்ட ஒரு பெண்ணின் கதையை அப்படித்தான் வெளியிட்டேன். எந்தப் படத்திலும் முகம் இல்லை, பெயரையும் மாற்றியிருந்தேன். ஆனால் ஒரு படத்தில் அவர் வீட்டு நீலக் கதவு இருந்தது, தாழ்ப்பாளுக்குக் கீழே பெயின்ட் உரிந்தபடி. கூடவே அவர் குரல். மருத்துவமனையில் காத்திருந்தபோது வீடியோவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, அது யார் என்று தெரிய அதுவே போதுமாக இருந்தது. "அந்தக் கதவை எடுத்திருக்கலாமே" என்று மட்டும்தான் அந்தப் பெண் என்னிடம் சொன்னார். அதற்குள் வீடியோ வாட்ஸ்அப்பில் கைமாறிவிட்டது. என் கணினியில் அழித்து என்ன பயன்? இன்றும் நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

இப்போது நான்கு முறை கேட்கிறேன்: சேரும்போது, கதையை எழுதி முடித்ததும், முழு வீடியோவை அவரே பார்த்ததும், அப்புறம் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துவிட்டு வந்த பிறகு. எங்கெங்கே காட்டலாம் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள். பயிற்சி வகுப்பில் சரி, இணையத்தில் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்டு நச்சரிக்காதீர்கள். நிதி தருபவரிடம் காட்டும் கணக்கில் ஒரு கதை குறைந்தால் குறையட்டும்.

கடைசி வரியில் அறிவுரை

"மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்" என்று முடிக்கச் சொல்லாதீர்கள். சிகிச்சை நடந்த 6 மாதமும் மாத்திரையைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்ததை அந்தப் பெண் சொல்லும்போதே பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

மவுஸைப் பிடுங்குவது

1990-களில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் டேனா ஆட்ச்லியும் இந்த முறையைத் தொடங்கியதே, கதைக்குரியவர் தானே உட்கார்ந்து அதைப் படமாக்கட்டும் என்றுதான். நேரமாகிறது என்று நீங்கள் எடிட் செய்தால் அது உங்கள் படம்.

மனநல ஆலோசகர் இல்லாத கதைவட்டம்

நடத்தாதீர்கள். தேதியைத் தள்ளிப்போடுங்கள்.